இடது கண்ணுக்கு ஒரு மஞ்சள் பொட்டு

மூக்கம்மாளின் கண்பார்வை எங்கள் ஆமத்தூரில் பேர் பெற்றது. கண்மாய்க் கரையில் நின்றபடியே, சிவகாசி ரோட்டில் வருகிற பஸ்ஸின் டிரைவர் அன்றைக்குச் சவரம் செய்திருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சீசன் நேரத்தில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சாயங்காலத்தில் ஒன்றிரண்டு வாணத்தை விட்டுப் பார்ப்பார்கள். அது மேலே போய்ப் பூவாய் விரிந்து அணைவதற்குள், "பச்சையில ஒண்ணு நமுத்துருச்சு, இந்த ஆர்டர் திரும்பி வந்துரும்" என்பாள். ஒருமுறை திரும்பியும் வந்தது. சந்தேகம் இருப்பவர்கள் அந்தக் கம்பெனியில் கேட்டுக்கொள்ளலாம். அது இப்போது இல்லை.

அப்படிப்பட்டவள் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண் தகடு வாங்கிப் போட்டாள் என்றால் ஊர் பதறத்தானே செய்யும்.

பெத்தணன் எனக்குத் தம்பி முறை. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஒரு குட்டிச்சுவரும்தான். மூக்கம்மாள் அவன் பெண்டாட்டி. ஐம்பதைத் தாண்டியவள், தாண்டியது தெரியாமல் வேலை பார்க்கிறவள். கண்மாய்க்குக் கீழே அவர்களுக்கு மிளகாய்க் காடு. மாசி பிறந்துவிட்டால் பழம் எடுப்பதும், களத்தில் காயப்போடுவதும், வெளுத்த சோடையைப் பொறுக்கித் தள்ளுவதுமாக அவள் கையில் எந்நேரமும் வத்தல்தான் இருக்கும். மிளகாய்க் கை என்றால் சும்மா இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த நாட்களில் கண்ணில் தூசி விழுந்தால் முழங்கையால்தான் துடைப்பார்கள். முதுகு அரித்தால் தூணில் போய்த் தேய்ப்பார்கள். ஒருதரம் மூக்கம்மாள் வத்தல் பொறுக்கிய கையோடு பஸ் கம்பியைப் பிடித்து இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பியைப் பிடித்தவர்கள் எல்லோரும் சிவகாசி வரைக்கும் கண்ணீர் விட்டுக்கொண்டே போனார்கள். எதிரே வந்த லோடு லாரிக்காரன், ஏதோ பெரிய இழவு போலிருக்கிறது என்று ஓரமாக ஒதுங்கி நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

ஆகவே அந்த வருடம் மாசி முழுக்க அவள் தன் உடம்பைத் தானே தொட்டுப் பார்த்ததில்லை. பங்குனியில் பழம் குறைந்தது. மோரில் கை கழுவி, எண்ணெய் தேய்த்து, ஆற அமர ஒரு குளியல் குளித்தாள். அப்போதுதான் இடது மார்பில், மேல்பக்கமாக, மொச்சைக்கொட்டை போல ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினாள். வலிக்கவில்லை. வலிக்காததால் நோய் இல்லை என்று முடிவு செய்தாள். நோய் இல்லாத ஒன்றுக்கு நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

யாரிடம் சொல்வது? பெத்தணன் தலைவலி என்று சொன்னாலே பஞ்சாயத்துக் கூட்டுகிறவன். மகள் பாண்டிலட்சுமி கட்டிக்கொடுத்த இடத்தில் மாசமாக இருக்கிறாள். என் வீட்டுக்காரி சுப்புத்தாயிடம் சொன்னால் என்னிடம் சொன்ன மாதிரி. என்னிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதை நீங்களே இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் நேரே மாரியம்மனிடமே போய்விட்டாள்.

இருக்கன்குடியில் உடம்புக்கு நேர்ந்துகொள்கிறவர்கள், நோவு எந்த இடத்திலோ அந்த இடம் பதித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவார்கள். கால் வலிக்குக் கால், வயிற்று வலிக்கு வயிறு. மார்புக்கும் தகடு உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், தகட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தவன் சிவபாண்டி. பாண்டிலட்சுமியின் மாமனார். சிவபாண்டிக்கு மெதுவாகப் பேச வராது. அவன் ஒருவன் காதில் ரகசியம் சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் குளிக்கிறவன் "அப்படியா?" என்று கேட்பான்.

"வாங்க தங்கச்சி! என்ன ஒத்தையில வந்திருக்கீக? மச்சான் வரலையா? சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேண்ணே. பாண்டிலட்சுமி எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, வீட்டுல மாங்காயாத் திங்கா. என்ன, தகடா? யாருக்கு? என்ன செய்யுது?"

தட்டில் கைக்கும் வயிற்றுக்கும் நடுவே மார்புத் தகடு பளபளவென்று கிடந்தது. மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். சிவபாண்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் பின்னால் நெருக்கியது.

"சும்மா பாத்தேண்ணே."

"சும்மா யாரும் தகடு பாப்பாகளா? மச்சானுக்கு முட்டியா? மாடியேற முடியலன்னாரு."

"முட்டி இல்லண்ணே."

"அப்ப வயிறு! நெனச்சேன். இன்னும் இளகலையா மச்சானுக்கு? நான் குடுத்த விளக்கெண்ணெய என்ன செஞ்சீக?"

பின்னால் நின்ற அத்தனை பெண்களும் பெத்தணனின் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

"அய்ய, அவுகளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

"ஒங்களுக்கா! ஒங்களுக்கு என்ன தங்கச்சி? எங்கன செய்யுது?"

மூக்கம்மாளின் விரல் தட்டுக்கு மேலே காற்றில் நின்றது. கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இறங்கப் போன விரல், சிவபாண்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஓரத்துக்குப் போய், இரண்டு கண் பதித்த தகட்டின் மேல் விழுந்தது.

"கண்ணு!" என்றான் சிவபாண்டி. கோபுரத்துப் புறாக்கள் ஒருமுறை பறந்து உட்கார்ந்தன. "ஆத்தா! எங்க தங்கச்சிக்குக் கண்ணா?"

உண்டியலின் முன்னால் நின்று மூக்கம்மாள் அம்மனிடம் விவரத்தைச் சொன்னாள். "ஆத்தா, கண்ணும் ரெண்டு, அதுவும் ரெண்டு. எனக்கு வேற வழி தெரியல. நீதான் பாத்து மாத்தி வச்சுக்கிடணும்." எந்தப் பக்கம் என்று அம்மனுக்குக் குழப்பம் வரக்கூடாது அல்லவா? பிரசாத மஞ்சளைத் தொட்டு இடது கண்ணின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். வைத்த பிறகு இன்னொரு சந்தேகம் வந்தது. இது போட்டிருக்கிறவளுக்கு இடதா, எதிரே நின்று பார்க்கிறவளுக்கு இடதா? தகட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நின்றவள், "பாவம், தகடே தெரியல போல" என்று கையைப் பிடித்து உண்டியலில் போட வைத்தாள்.

பஸ் ஆமத்தூருக்கு வந்து சேர்வதற்குள் சிவபாண்டியின் போன் வந்துவிட்டது. மூக்கம்மாள் படியில் இறங்கும்போது கீழே பெத்தணன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் ஊன்றுகோல். மறுகையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். தாலி கட்டிய அன்றைக்குப் பிடித்த பிறகு ரோட்டில் வைத்து அவன் அவள் கையைப் பிடித்தது அன்றுதான்.

"பள்ளம் இருக்கு, பாத்து வா புள்ள."

"தெரியுதுங்க."

"தெரியும் தெரியும். நீ சொல்லமாட்ட. எனக்குத் தெரியக்கூடாதுன்னு எம்புட்டு நாளா மறைச்ச?"

அவன் கண் கலங்கியிருந்தது. 'கண்ணுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் எதற்குத் தகடு என்று கேட்பானே? அதை ரோட்டில் வைத்து எப்படிச் சொல்வது? அன்றைக்கு அவள் வாயைத் திறக்காததால், ஊரிலேயே கூர்மையான கண்ணுக்கு அன்று முதல் பார்வை மங்கிவிட்டது.

குருடியாக இருப்பது லேசான வேலை இல்லை. வந்தவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "இது எம்புட்டுக்கா?" என்றார்கள். சரியாகச் சொன்னால் வம்பு, ரொம்பத் தப்பாகச் சொன்னாலும் வம்பு. ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லப் பழகிக்கொண்டாள். பெத்தணன் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. அவனே அரிசி களைந்தான். அவனே ரசம் வைத்தான். அந்த ரசத்தை நான் ஒரு வாய் குடித்தேன். அதற்கு முன்னால் என் முழங்கால் மடங்காது. குடித்த பிறகு எழுந்து கண்மாய் வரைக்கும் ஓடினேன்.

கட்டிலில் இருந்தபடியே மூக்கம்மாள் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெத்தணன் ஈர வத்தலையும் காய்ந்த வத்தலையும் ஒன்றாக அள்ளுவான். சோடையை நல்லதோடு சேர்ப்பான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "வெயிலு நல்லா அடிக்குதா?" என்று மட்டும் கேட்பாள். அவன் உள்ளே வராத நேரமாகப் பார்த்துச் சேலைக்குள் கைவிட்டு மொச்சைக்கொட்டையைத் தடவிப் பார்ப்பாள். அது அங்கேயே இருந்தது. ஆத்தாள் மாற்றி வைத்துக்கொள்ளவில்லை. கண் தகட்டைக் கண்ணுக்கே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, அதனால்தான் பார்வை முன்னைவிடக் கூடத் தெளிவாகத் தெரிகிறது என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் எத்தனை நாளைக்கு இது மொச்சையாகவே இருக்கும்?

பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டார்கள். பெத்தணன் விடிந்ததும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் ஆளாக உட்காரவைத்தான். கண் பார்க்க வந்தவர் ஜெயசுந்தர் என்ற இளவட்டம். ஒத்தாசைக்கு எங்கள் ஊர் நர்ஸ் ஜெயக்கொடி. நாசரேத் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆனால் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மாத்திரையைத் தின்னாமல் மாட்டுத் தொட்டியில் போடுகிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்.

சுவரில் மூன்று கால் முளைத்த எழுத்துகளை மாட்டி, "கால் எந்தப் பக்கம் இருக்குன்னு கையக் காட்டுங்கம்மா" என்றார் ஜெயசுந்தர். கால் மேலே இருந்தால் மூக்கம்மாள் கீழே காட்டினாள். இடது என்றால் வலது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அம்மாவுக்கு ரொம்பவே இறங்கியிருக்கு."

அந்தச் சமயம் பார்த்து மூக்கம்மாளின் பார்வை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. அங்கிருந்து வயக்காட்டைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, அவர்கள் களம் ஒரு சிவப்புத் துண்டு போலத் தெரியும். மற்றவர்களுக்கு அது கூடத் தெரியாது.

"ஏய்! ஏய்! சுப்புத்தாயக்கா ஆடு களத்துல ஏறுது பாருங்க! அந்தக் காது கிளிஞ்ச கிடா! அய்யய்யோ, மேக்கால மூலையில நல்ல வத்தலப் பூராத் திங்குது. வாயில காம்பு தொங்குது பாருங்க!"

ஜெயசுந்தர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவருக்குப் புளியமரம்தான் தெரிந்தது.

அந்த ஆடு என்னுடையது என்பதை நான் மறுக்கவில்லை. அது மிளகாய் தின்று பழகிய ஆடு. அது தும்மினால் வேலியில் இருக்கிற ஓணான் விழும்.

ஜெயக்கொடி மூக்கம்மாளைப் பக்கத்து வகுப்பறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"கண்ணு பருந்துக் கண்ணாட்டம் இருக்குக்கா. பொறவு எதுக்குத் தகடு போட்டீக?"

மூக்கம்மாள் தரையைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு இடது மார்பின் மேல் கையை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

ஜெயக்கொடி அவளைப் பெஞ்சில் படுக்கவைத்து, கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி, மூன்று விரலையும் சேர்த்துப் பட்டையாக வைத்து மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அக்குளிலும் பார்த்தார்.

"எம்புட்டு நாளாருக்கு?"

"பங்குனி பொறந்ததுலருந்து. ஆனா வலியே இல்ல சிஸ்டர். வலிச்சாத்தான நோவு?"

"வலிக்காத கட்டியத்தான்க்கா மொதல்ல காட்டணும். காம்புலருந்து தண்ணியோ ரத்தமோ வருதா? காம்பு உள்ள இழுக்குதா? தோலு எங்கயாச்சும் குழி விழுதா?"

"இல்ல."

"நல்லது. இந்த மாதிரிக் கட்டியில முக்காவாசி சாதாக் கட்டியாத்தான் இருக்கும். தண்ணிக் கட்டி, கொழுப்புக் கட்டி. ஆனா எது எதுன்னு என் கையும் சொல்லாது, ஒங்க கையும் சொல்லாது. படம் எடுத்து, ஊசி போட்டுப் பாத்தாத்தான் தெரியும். விருதுநகர் போவோம்."

"புத்தா இருந்தா?"

"இருந்தாலும் சின்னதுல புடிச்சா எடுத்துரலாம்க்கா. வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் மோசம்." பிறகு கேட்டார்: "அண்ணன்கிட்ட நான் சொல்லட்டா, நீங்க சொல்றீகளா?"

"நீங்க சொல்லாதீக. அவுக அங்கனயே மயங்கி விளுந்துருவாக. அப்புறம் அவுகளத் தூக்கிட்டு யாரு போறது?"

வீட்டுக்குத் திரும்புகிற வண்டிப்பாதையில் பெத்தணன் முன்னால் நடந்தான், அவள் கையைப் பிடித்தபடி. கருவேல மரம் வந்ததும் மூக்கம்மாள் நின்றாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் அப்போது கருவேல மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காரியமாக உட்கார்ந்திருந்தேன். பாதியில் எழுந்து போகிற காரியம் அல்ல.

"கைய விடுங்க. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"நெசமாவா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டாளா!"

"கண்ணு எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. இடது மாருல ஒரு கட்டி. அதச் சொல்ல வெக்கமாருந்துச்சு. அதுக்குத்தான் தகடு போட்டேன்."

பெத்தணன் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தான். பாதையில் ஒரு எருமை மட்டும் நின்றது. அது கேட்டுவிட்டதோ என்று அதையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"பாண்டிலட்சுமி பொறந்தப்ப பால் கட்டிக்கிருச்சே, அது மாதிரியா?"

"அவ பொறந்து எம்புட்டு வருசமாச்சு? அவளே புள்ள பெறப் போறா."

"வலிக்குதா?"

"இல்ல. அதான் காட்டணுமாம்."

அவன் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். "என்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

பெத்தணன் பொய் சொல்லத் தெரியாதவன். யோசித்துப் பார்த்துவிட்டு, "சிவபாண்டிகிட்ட யோசனை கேட்டிருப்பேன்" என்றான்.

"அதான் சொல்லல."

எருமை தலையை ஆட்டிக்கொண்டு போனது. பெத்தணன் எழுந்தான். கண் தெரிகிறது என்று சொன்ன பிறகும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

விருதுநகருக்கு அவர்கள் போனது வத்தல் மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோவில். கமிஷன் கடையில் மூட்டையை இறக்கிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்த சேலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள் மூக்கம்மாள். ஜெயக்கொடியும் கூடப் போனார். மூக்கம்மாள் உள்ளே நுழைந்ததும் வரிசையில் இருந்தவர்கள் தும்மத் தொடங்கினார்கள். தும்மல் அறை அறையாகப் போயிற்று. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்த ஒரு காரியாபட்டிக்காரர் தும்மிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, "வத்தல் என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்டார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஜெபிஷாவும் தும்மினார். படம் ஆடிவிட்டது. மறுபடி எடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா. மூச்சை மெதுவா விடுங்க."

"நான் பயப்படலம்மா. நீங்கதான் ஆடுறீக."

ஊசி போட்டுத் துளி சதை எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம் பெத்தணன் காலையும் மாலையும் காலண்டரையே பார்த்தான். ரசத்தில் உப்புப் போடவும் மறந்தான். மூக்கம்மாள் கட்டிலை விட்டு இறங்கி, அவன் கலந்து வைத்திருந்த வத்தலையெல்லாம் மறுபடி பிரித்தாள். ஈரம் ஒருபக்கம், காய்ந்தது ஒருபக்கம், சோடை ஒருபக்கம். குட்டிச்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறேன், விரல் ஓடுகிறது, முகம் வேறெங்கோ இருக்கிறது. சுப்புத்தாய் கூடப் போய் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் பொறுக்கினாள். சுப்புத்தாய் ஒன்றும் கேட்காமல் இருந்ததை நான் அந்த வாரம்தான் பார்த்தேன்.

டாக்டர் ஜெபிஷா முடிவை அவளிடமே சொன்னார். "புற்றுநோய்க் கட்டிதாம்மா. ஆனா சின்னது. அக்குளுக்குப் பரவல. கட்டியை மட்டும் எடுத்தாப் போதும், மார்பு முழுசையும் எடுக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் மதுரையில கதிர்வீச்சு வைக்கணும், மாத்திரை சாப்பிடணும். இந்த நெலமையில வந்தவங்க பெரும்பாலும் நல்லா இருக்காங்க."

பெத்தணன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். மூக்கம்மாள் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "எந்திரிங்க. எனக்குத்தான வந்திருக்கு, ஒங்களுக்கா?" பிறகு டாக்டரிடம் திரும்பி, "எப்ப எடுப்பீக? வத்தல் இன்னும் ரெண்டு எடுப்பு இருக்கு. அத முடிச்சுட்டு வரலாமா?" என்றாள்.

"வத்தல் காத்திருக்கும்மா. இது காத்திருக்காது."

எடுத்தார்கள். தையல் ஆறியது. மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கதிர் வைத்துக்கொண்டு வந்தாள். பெத்தணன் ஒருநாள் விடாமல் கூடப் போனான். சிவபாண்டி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குத் தொழில் கவலை வந்துவிட்டது.

"தப்பான தகட்டக் குடுத்துப்புட்டேனே தங்கச்சி. ஆத்தாகிட்ட நான் என்ன பதில் சொல்வேன்?"

"ஆத்தா சரியாத்தான் எடுத்துக்கிட்டா. கண்ணுன்னு போட்டேன், கண்ணு முகாமுக்கு அனுப்பி வச்சா. நீங்க மட்டும் கொஞ்சம் மெதுவாப் பேசிப் பளகுங்கண்ணே. எத்தன பொம்பளைக முட்டித் தகட்ட வாங்கிட்டுப் போயிருக்காகளோ!"

சிவபாண்டி அன்று முழுக்க யோசனையாகவே இருந்தான்.

அடுத்த வருடம் மாசியில் ஜெயக்கொடி மூக்கம்மாளின் களத்துக்கே வந்தார். பெண்கள் வத்தலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பளைகளை அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று விரட்டிவிட்டார்கள். குட்டிச்சுவர் அங்கேயே இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

"மாசத்துக்கு ஒருக்கா, தலைக்கு ஊத்தி நாலஞ்சு நாள் களிச்சுப் பாருங்க. தீட்டு நின்னவுக ஏதாச்சும் ஒரு நாள வச்சுக்கிடுங்க. கண்ணாடி முன்னால நின்னு ரெண்டும் எப்பவும்போல இருக்கான்னு பாக்கணும். பொறவு விரலப் பட்டையா வச்சு, அமுக்கி, சுத்தி. நுனியால கிள்ளக் கூடாது. புதுசா ஏதாச்சும் தட்டுச்சுன்னா அன்னைக்கே எங்கிட்ட வரணும். ஒண்ணும் தட்டலன்னாலும் முப்பது தாண்டுனவுக வந்து ஒருக்கா காட்டிட்டுப் போங்க."

"தீட்டு நின்னு ரெண்டு வருசம் களிச்சு மறுபடி பட்டா?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"அதுவும் அன்னைக்கே வரணும். வெக்கப்பட்டு ஒக்காந்துராதீக."

"மூக்கம்மாளுக்கு வந்தது ஒட்டுமா?"

"ஒட்டாதுடி" என்றாள் மூக்கம்மாள். "ஒட்டுறதா இருந்தா மொதல்ல ஒனக்குத்தான் ஒட்டியிருக்கும். தெனம் என் மேலயே சாஞ்சுகிட்டு இருக்க."

எல்லாம் நல்லபடியாகத்தான் சொன்னார் ஜெயக்கொடி. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் ஊர்ப்பக்கம் பனையும் வாழையும்தான், மிளகாய் கிடையாது. அன்று சாயங்காலம், கேட்ட சூட்டோடு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்களில் கையைக் கழுவிவிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. முதல் கூக்குரல் கிழக்குத் தெருவில் கேட்டது. பிறகு மேற்குத் தெருவில். ஆமத்தூரில் அன்று மோருக்குத் தட்டுப்பாடு. சுப்புத்தாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் மோர்ப்பானை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ராஜபாண்டியன் டீக்கடையில் ஆம்பளைகள் கூடியிருந்தார்கள். நேற்று எதற்காக ஊரே அலறியது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். பெத்தணன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். ராஜபாண்டியன் டீயை ஆற்றிக்கொண்டே, பேச்சை மாற்றுகிறவன் போல, "மாமா, அத்தைக்கு இப்ப கண்ணு எப்படி இருக்கு?" என்றான்.

ஊர் மரியாதை அப்படி. வந்தது என்னவென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அன்றுவரைக்கும் கண் என்றுதான் விசாரிப்பார்கள். பெத்தணனும், "தேவலாம்" என்றுதான் சொல்லிவந்தான். அன்றைக்கு அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"கண்ணுக்கு என்னைக்கும் ஒண்ணுமில்லலே. மாருல புத்து வந்துச்சு. சின்னதா இருக்கையிலயே பாத்து எடுத்தாச்சு. நல்லாருக்கா."

எல்லோரும் தங்கள் தங்கள் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கிளாஸ் காலியாகவும் இருந்தது.

"ஏலே ராஜபாண்டி, ஒன் வீட்டுல பாத்துக்கிட்டாளா?"

ராஜபாண்டியன் ஆற்றிய டீ கிளாஸுக்கு வெளியே விழுந்தது. "நான் எப்படி மாமா அதப் போய்க் கேக்குறது?"

"வாயாலதாம்லே."

ராஜபாண்டியன் அடுப்பைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டுக்குள் போனான். பால் பொங்கியது. இறக்கி வைக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. உள்ளே அவன் பெண்டாட்டி, "எதுக்குக் கேக்கீக? என்ன வந்துச்சு ஒங்களுக்கு?" என்றது கேட்டது. பிறகு பேச்சு தணிந்துவிட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"பாக்கலையாம் மாமா. அக்குள்ல என்னமோ தட்டுதாம். எங்கிட்டச் சொல்ல வெக்கமாம். இப்பவே சிஸ்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். கடையப் பாத்துக்கிடுங்க."

"கடை எங்கயும் போகாது. நீ கெளம்பு."

பைக் போகிற சத்தம் அடங்கியது. பிறகு ஓரத்தில் இருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காட்டில் மோட்டாரை நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்று எழுந்து போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் இருந்தவருக்கும் மோட்டார் நினைவு வந்தது. அதற்கடுத்தவருக்கும். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் பெத்தணனும் நானும் மட்டும்தான் மிச்சம். மோட்டாரை நிறுத்தப் போன ஒருவரும் காட்டுப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வீட்டுப் பக்கமாகத்தான் நடந்தார்கள்.

அன்றைக்கு ஆமத்தூரில் காலையிலிருந்தே கரண்ட் கிடையாது.